வேப் வாங்குவோர் பெயரைப் பார்க்கிறார்கள், மில்லிகிராமைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் தங்கை மகன் சுங்கை சிப்புட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். இரண்டு வேப் (மின் சிகரெட்) பெட்டிகளை மேசை மேல் வைத்து, "மாமா, இந்த ரெண்டு பிராண்டுல எது நல்லது?" என்று கேட்டான். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். பதினேழு வயதிலிருந்து வெண்சுருட்டு புகைக்கிறான். இப்போது நாளுக்கு ஒரு பெட்டி. மூத்த மகளுக்கு ஆஸ்துமா என்று தெரிந்த பிறகு வெண்சுருட்டை விட்டுவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இரண்டு பிராண்டுகளை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். நான் முப்பத்தொரு ஆண்டுகள் தோட்ட மருந்தகங்களில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், காய்ச்சலானாலும் சரி, கண் கட்டியானாலும் சரி, உறவினர்கள் முதலில் என்னிடம் கேட்பது வழக்கம்.

அவனுக்கு அன்று நான் சொன்னதையும், சொல்லத் தெரியாமல் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் தங்கள் நாளிதழின் வழியாக மற்றவர்களுக்கும் சொல்ல விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன். அவன் கேட்ட அதே கேள்வியை நம் ஊர்க் கோப்பிக் கடையிலும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் திருமண மண்டபத்தின் பின்புறத்திலும் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். எது நல்ல பிராண்ட், எதில் மாம்பழ வாசனை தூக்கலாக இருக்கிறது, எது கசியாது, எதில் அதிக இழுப்பு வரும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. உள்ளே எவ்வளவு நிக்கோட்டின் இருக்கிறது என்று ஒருவர்கூட இன்னொருவரைக் கேட்டு நான் கேட்டதில்லை.

அன்று நான் செய்த முதல் காரியம், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெட்டிகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்ததுதான். முதல் பெட்டியின் முகப்பு முழுவதும் மாம்பழப் படமும் பிராண்டின் பெயரும், அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் இழுப்பு வரும் என்ற எண்ணும் இருந்தன. பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், 12 மி.லி. என்றும் 5 விழுக்காடு என்றும் இருந்தது. இரண்டாவது பெட்டி சாம்பல் நிறம், படம் எதுவும் இல்லை. அதன் பக்கவாட்டில் 2 மி.லி. என்றும், ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். அவன் முதல் பெட்டியைத் தொட்டு, "இது லைட்டா இருக்கு மாமா, தொண்டையில பிடிக்கவே இல்ல. அது கொஞ்சம் உறைக்குது" என்றான். அவன் மனத்தில் அப்போதே முதல் பெட்டிதான் வென்றுவிட்டது.

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் நிக்கோட்டின். அது 12 மில்லிலிட்டர் என்றால் மொத்தம் 600 மில்லிகிராம். மற்றதில் 20-ஐ 2-ஆல் பெருக்கினால் 40 மில்லிகிராம். அவன் "லைட்" என்று எண்ணிய பெட்டியில் மற்றதைவிடப் பதினைந்து மடங்கு நிக்கோட்டின் இருந்தது. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் என்ற வேப்பின் ஒரு குப்பியில் 0.7 மில்லிலிட்டர் திரவமும் சுமார் 40 மில்லிகிராம் நிக்கோட்டினும் இருந்தன. அது ஏறத்தாழ ஒரு பெட்டி வெண்சுருட்டுக்குச் சமம் என்று அந்த நிறுவனமே சொல்லி விற்றது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மாம்பழப் படம் போட்ட அந்தச் சின்னப் பொருளுக்குள் ஏறத்தாழ பதினைந்து பெட்டி வெண்சுருட்டின் நிக்கோட்டின் அடங்கியிருந்தது. இழுப்பவர் உடம்பில் சேரும் அளவு, இழுக்கும் விதத்தையும் சாதனத்தையும் பொறுத்துக் கூடும், குறையும் என்பது உண்மைதான். ஆனால் பதினைந்து மடங்கு வேறுபாடு அப்படிக் கரைந்துபோகக் கூடியதன்று.

அப்படியானால் தொண்டையில் ஏன் உறைக்கவில்லை என்ற கேள்வி வரும். நம் மக்கள் ஏமாறும் இடம் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பழைய வேப்களில் இருந்த நிக்கோட்டின் காரத்தன்மை உடையது. அளவு கூடினால் தொண்டை எரியும், இருமல் வரும். உடம்பே போதும் என்று தடுத்துவிடும். பிறகு பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து அதை உப்பு வடிவத்துக்கு மாற்றினார்கள். நிக்கோட்டின் சால்ட் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இந்த வடிவத்தில் காரம் அடங்கிவிடுவதால் 50 மில்லிகிராம் திரவத்தைக்கூட இருமல் இல்லாமல் இழுக்க முடிகிறது. போதாக்குறைக்கு, குளிர்ச்சி தரும் பொருளையும் சேர்த்து "ஐஸ்" என்று பெயர் வைக்கிறார்கள். தொண்டைக்கு அது இதமாக இருக்கிறது. ஆகவே தொண்டையை வைத்து வேப்பின் பலத்தை அளக்க முடியாது. வெண்சுருட்டுக்காரர்கள் இருபது ஆண்டுகளாகத் தொண்டையால்தான் அளந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடு வேப் கடைக்குப் போகிறவர்கள் பலமானதை மென்மையானது என்றும், மென்மையானதைப் பலமானது என்றும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். என் தங்கை மகனும் அப்படித்தான் திரும்பினான்.

இந்த இடத்தில் எனக்குத் தோட்டத்து நினைவு ஒன்று வருகிறது. அந்த நாளில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்களுக்கு நானும் மண்டோரும் (வேலைக் கண்காணிப்பாளரும்) சேர்ந்து அவ்வப்போது பாடம் எடுப்போம். பாராகுவாட் என்ற ஒரே நஞ்சு பல நிறுவனங்களின் பெயரில், பல நிறத் தகரங்களில் தோட்டத்துக்கு வரும். அந்தப் பெண்கள் "பச்சை டின்னு மருந்து நல்ல மருந்து, நீல டின்னு கெட்ட மருந்து" என்று நிறத்தைக் கொண்டு பேசிக்கொள்வார்கள். நீல டின்னைத் தொடும்போது கையுறை போடுவார்கள். பச்சை டின்னுக்குப் போட மாட்டார்கள். இரண்டிலும் இருந்தது ஒன்றே. டின்னின் பின்புறத்தில் உள்ள மருந்தின் பெயரையும் விழுக்காட்டையும் விரல் வைத்துக் காட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த எழுத்தின் உருவத்தையாவது மனத்தில் பதிய வைத்தோம். 2020-இல் பாராகுவாட் நம் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் டின்னின் நிறத்தைப் பார்த்து நம்பும் பழக்கம் போகவில்லை; அன்று பச்சை டின்னை நம்பிய ஒரு பெண்மணியின் பேரன்தான் இன்று மாம்பழப் படத்தை நம்புகிறான்.

பிராண்டின் பெயர் எதையுமே சொல்லாதா என்று சிலர் கேட்கலாம். சொல்லும், ஆனால் நாம் நினைப்பதைச் சொல்லாது. முன்னே குறிப்பிட்ட ஜூல் அமெரிக்காவில் 5 விழுக்காடு நிக்கோட்டினோடு விற்கப்பட்டது. அதே ஜூல் 2018-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் இருந்தது. காரணம், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 20 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. குப்பியின் அளவு 2 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்றும் அவ்விதி சொல்கிறது. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இலண்டனில் படிக்கும் அண்ணன் பயன்படுத்தும் பிராண்டையே தம்பி இங்கே தேடி வாங்கினால், அண்ணன் இழுப்பதையே தானும் இழுப்பதாக எண்ணிக்கொள்வான். ஒரே கடையில் ஒரே பிராண்டிலேயே இரண்டு, மூன்று பலங்கள் இருப்பதும் உண்டு. பெட்டிகளுக்குள் வேறுபாடு ஓர் எண் மட்டுமே.

பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். இன்றைய மின் சிகரெட்டை 2003-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர். தாமே கடுமையாகப் புகைத்தவர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வெண்சுருட்டிலிருந்து விடுபட ஒரு வழியாகவே அவர் இதை எண்ணினார். இன்று வியூஸ் என்ற பிராண்ட் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தம். ஜூல் நிறுவனத்தின் 35 விழுக்காட்டுப் பங்கை, அமெரிக்காவில் மார்ல்பரோ வெண்சுருட்டை விற்கும் அல்ட்ரியா 2018 டிசம்பரில் 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பின்னர் 2023-இல் அந்தப் பங்கை விட்டுவிட்டு வேறொரு வேப் நிறுவனத்தை வாங்கியது. உலகில் விற்கும் வேப் சாதனங்களில் மிகப் பெரும்பகுதி சீனாவின் ஷென்சென் நகரத்துத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. ஒரே ஆலையிலிருந்து பல பிராண்டுகள் வெளிவருகின்றன. இந்த நிறுவனங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வெண்சுருட்டை வெறுத்து வேப்புக்கு வருகிறவர், பெயரை நம்பி மட்டும் தேர்ந்தெடுத்தால், தாம் விட்டு வந்த அதே வாசலுக்கே திரும்பிப் போகக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு வகையிலும் பெயர் ஏமாற்றுகிறது. புகழ்பெற்ற பிராண்டுகளுக்குத்தான் போலிகள் அதிகம். அமெரிக்காவில் 2019-இல் வேப் இழுத்தவர்களுக்குத் திடீரென்று கடுமையான நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டு, 2020 பிப்ரவரி வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர் கணக்கெடுக்கப்பட்டார்கள். அவர்களில் 68 பேர் உயிரிழந்தவர்கள். பெரும்பாலோர் பயன்படுத்தியது கஞ்சாச் சத்து கலந்த திரவம். நண்பர்களிடமும் தெருவிலும் வாங்கியது. அதைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் இ அசிட்டேட் என்ற எண்ணெய்தான் நுரையீரலைத் தாக்கியது என்று பிறகு கண்டறியப்பட்டது. குப்பிகளின் மேலே ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்து உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. நம் நாட்டிலும் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களைக் காவல்துறை பிடித்த செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே படித்து வருகிறேன். ஆகவே நண்பன் நிரப்பிக் கொடுத்தான், பாசார் மாலாமில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று எதையும் வாயில் வைக்க வேண்டாம் என்று நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

சாதனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வேப்பிலும் இருப்பது ஒரு மின்கலம், சூடாகும் ஒரு கம்பிச் சுருள், திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு ஆகியவைதான். திரவத்தில் புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின் ஆகியவை இருக்கும். பஞ்சு வறண்டால் கருகிய வாடை வரும். அப்போது இழுக்கக் கூடாது. சாதனத்தில் நம் நாட்டுத் தரச்சான்று அமைப்பான சிரிம்மின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த முத்திரை சாதனத்தைப் பற்றியதே தவிர, உள்ளே ஊற்றும் திரவம் உடம்புக்கு நல்லது என்ற சான்றிதழ் அன்று. பெரிய தொட்டியும் அதிக வாட்டும் உள்ள சாதனம் ஒரே இழுப்பில் மிகுதியான திரவத்தை ஆவியாக்கிவிடும் என்பதால், அதில் ஊற்றும் 3 மில்லிகிராம் திரவத்தையும் சின்னக் குப்பி பொருத்தும் பாட் வகையில் உள்ள 20 மில்லிகிராம் திரவத்தையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ஒரே வகைச் சாதனங்களுக்குள்தான் மில்லிகிராமை ஒப்பிட வேண்டும். இத்தனை ஆயிரம் இழுப்பு என்று பெட்டியில் போடுவதற்கோ பொதுவான அளவுமுறை எதுவும் இல்லை. ஒருவர் நீளமாக இழுப்பார், இன்னொருவர் குறுக்காக இழுப்பார். அந்த எண்ணைப் பார்த்து வாங்குவது வீண்.

அரசாங்கத்தின் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்த மருந்துகளைப் பூட்டிய அலமாரியில் வைத்து, பதிவேட்டில் எழுதித்தான் எடுப்போம். நிக்கோட்டினும் அந்தப் பட்டியலில் இருந்தது. வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டினுக்கு 2023 மார்ச் 31-ஆம் தேதி அந்தப் பட்டியலிலிருந்து விலக்களித்தார்கள். மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி நடப்புக்கு வந்தது. புதிய சட்டமான புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில், பள்ளிச் சீருடையோடு வந்து ஒரு மாணவன் நிக்கோட்டின் திரவம் கேட்டாலும் அவனுக்கு விற்பதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. அந்தப் பதினெட்டு மாதங்களின் விளைவை நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மாலை மூன்று மணிக்கு நின்று பார்த்தவன் நான். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த வரியிலும் ஒரு குறை இருக்கிறது. அது மில்லிலிட்டரைத்தான் அளந்தது, மில்லிகிராமை அளக்கவில்லை. ஒரு மில்லிலிட்டரில் 3 மில்லிகிராம் இருந்தாலும் 40 சென். 50 மில்லிகிராம் இருந்தாலும் அதே 40 சென். என் மேசை மேல் இருந்த இரண்டு பெட்டிகளையே எடுத்துக்கொண்டால், அந்த விகிதப்படி முதலாவதற்கு 4 ரிங்கிட் 80 சென், இரண்டாவதற்கு 80 சென். வரி ஆறு மடங்கு, நிக்கோட்டினோ பதினைந்து மடங்கு. ஒரு மில்லிகிராமுக்கு என்று கணக்குப் பார்த்தால், பலம் கூடக் கூட வரி குறைகிறது. மதுபானத்தில் ஆல்கஹாலின் அளவைப் பார்க்கத் தெரிந்த வரித்துறைக்கு இதைப் பார்ப்பதும் கடினமாக இருக்காது. இதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய சட்டம் வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது, தானியங்கி இயந்திரத்தில் விற்கக் கூடாது, கடையில் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பவை எல்லாம் நல்லவை. ஆனால் காட்சிக்கு வைக்கக் கூடாது என்றதன் பின்விளைவு ஒன்றையும் நான் கவனிக்கிறேன். பெட்டிகள் இப்போது மூடிய அலமாரிக்குள் இருக்கின்றன. வாங்க வருகிறவர் எடுத்துப் புரட்டிப் பார்க்க முடியாமல், பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் அந்தப் பெயருள்ள ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுகிறார். பணம் கொடுத்த பிறகுதான் அடிப்பக்கத்து எழுத்து கண்ணில் படுகிறது, அதுவும் படிக்கிறவருக்கு மட்டும். சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் கண்ணில் படாமல் இருப்பதே முக்கியம். வாங்குகிற பெரியவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்கப் பழக வேண்டும் என்கிறேன். "இன்ன பிராண்ட் இருக்கிறதா?" என்பதற்குப் பதிலாக, "ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை மில்லிலிட்டர், சிரிம் முத்திரை எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டியதில்லை. என் தங்கை மகனுக்கு அந்த முதல் பெட்டியைக் கொடுத்த கடைக்காரப் பையன், விழுக்காடு என்றால் மாம்பழச் சாறு 5 விழுக்காடு என்று விளக்கம் சொன்னானாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, வேப் நல்லதா கெட்டதா என்ற விவாதம். இதில் நான் எந்தப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. வெண்சுருட்டில் இலை எரிகிறது. எரிவதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் அந்த இரண்டும் வெண்சுருட்டில் வருவதுபோல் வருவதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015-இல் வேப்பின் தீங்கு வெண்சுருட்டைவிடச் சுமார் 95 விழுக்காடு குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண் மிகையானது என்று மறுத்த மருத்துவ அறிஞர்களும் உண்டு. புகைப்பதை விடுவதற்கு மெல்லும் நிக்கோட்டின் பசையையும் தோலில் ஒட்டும் வில்லையையும்விட நிக்கோட்டின் வேப் அதிகம் பேருக்கு உதவியிருக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதே வேளையில் சிங்கப்பூர் 2018-இலும் இந்தியா 2019-இலும் வேப்பை முற்றாகத் தடை செய்தன. நம் ஜொகூர் மாநிலம் 2016 முதல் விற்பனையைத் தடுத்திருக்கிறது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியில் வருகின்றன. நம் சுகாதார அமைச்சும் இதைப் புகைவிடும் மருந்தாக ஏற்கவில்லை. இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நான் வந்த முடிவு, வெண்சுருட்டு புகைப்பவர் ஒருவருக்கு மட்டுமே இதில் தேர்வு என்று ஒன்று உண்டு. அதுவும் வெண்சுருட்டை முழுதாக விட்டால்தான். வேலையில் வெண்சுருட்டு, வீட்டில் வேப் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவருக்கு நுரையீரலும் மிச்சமாகாது, பணமும் மிச்சமாகாது. ஒருநாளும் புகைத்திராத பிள்ளைக்கு எந்தப் பிராண்ட் நல்லது என்ற கேள்விக்கு இடமே இல்லை.

ஆகவே என் தங்கை மகனிடம் நான் முதலில் கேட்டது பிராண்டைப் பற்றியன்று. "காலையில கண் விழிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட் பத்த வைக்கிற?" என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கி, "பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, முகம் கழுவாமலே" என்றான். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. இது மருந்தகத்தில் நாங்கள் கேட்கும் பழைய கேள்வி. விழித்த முப்பது நிமிடத்துக்குள் முதல் வெண்சுருட்டு என்றால் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகவே பழகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு நிக்கோட்டின் பசையில் 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் கொடுப்போம். ஒட்டும் வில்லையிலும் 21, 14, 7 என்று படிப்படியாக இறக்குவோம். எவ்வளவில் தொடங்குவது, எப்போது இறக்குவது என்பதுதான் மருத்துவத்தின் முறை. வேப்பைத் தேர்ந்தெடுப்பவரும் இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும். தம் பழக்கத்துக்கு ஏற்ற பலத்தில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு படி இறங்கி, கடைசியில் விட்டுவிட வேண்டும். ஒரேயடியாக 50 மில்லிகிராமில் தொடங்குகிறவர் இறங்குவதற்குப் படிக்கட்டே இல்லாத மாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் புகைவிடும் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, அங்கே பசையும் வில்லையும் கிடைக்கும், முதலில் அங்கே போ என்றேன். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் தான் ஆலைக்கும் தோட்டத்துக்கும் இடையே லோரியில் இருப்பதாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வாரநாள் காலை என்பது சம்பளத்தை இழந்து வாங்க வேண்டிய நேரம். இத்தகையவர்களுக்காக வாரத்தில் ஒரு மாலையோ மாதத்தில் ஒரு சனிக்கிழமையோ அந்தப் பிரிவு திறந்திருந்தால், வேப் கடைக்குப் போகும் பலர் கிளினிக்குக்குப் போவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதை அவன் யோசித்திருக்கவே இல்லை. மாம்பழ வாசனை வீசும் குப்பியை அவன் லோரிச் சாவியோடு சேர்த்து மேசை மேல் போட்டு வைப்பானாம். நிக்கோட்டின் ஒரு காலத்தில் பூச்சிக்கொல்லியாகவே பயன்பட்ட பொருள் என்று சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது. களைக்கொல்லியைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைத்ததால் நேர்ந்த விபத்துகளை என் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்தவன் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அன்று மாலையே கோயில் சாமான்கள் வைக்கும் மேலலமாரிக்குப் பூட்டு வாங்கி மாட்டியதாக அவன் மனைவி தொலைபேசியில் சொன்னாள்.

ஐயா, தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். பெட்டிகளில் உள்ளவை ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கின்றன. நம் ஊரில் தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் நிறையப் பேர். பிள்ளையின் பையில் ஒரு பெட்டி கிடைத்தால், அதில் இருப்பது என்ன, எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் ஒன்று அடிக்கிறார்கள், அல்லது வெறும் வாசனைப் புகைதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வேப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் படமெடுத்து, எந்த எண் நிக்கோட்டினின் பலம், எந்த எண் திரவத்தின் அளவு, இரண்டையும் எப்படிப் பெருக்குவது, சிரிம் முத்திரை எப்படி இருக்கும் என்பதைத் தமிழில் அம்புக்குறி போட்டுக் காட்டி, தங்கள் ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் வெளியிட வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒட்டும் பொறுப்பை நானே ஏற்கிறேன். அதற்கான விளக்கக் குறிப்புகளை எழுதித் தருவதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன்.

என் தங்கை மகன் மாம்பழப் பெட்டியை என்னிடமே விட்டுச் சென்றான். இரண்டு வாரங்களாக 20 மில்லிகிராமோடு இருக்கிறான். காலையில் பெரட்டுக்கு முன் புகைக்கும் அந்த ஒரு வெண்சுருட்டை மட்டும் இன்னும் விட முடியவில்லை என்று நேற்றுச் சொன்னான். வரும் வியாழக்கிழமை முதலாளியிடம் அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறான். கிளினிக்குக்கு நானும் உடன் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.